நூற்றுப் பதினெட்டு கிலோமீட்டர்

பிப்ரவரி 2, வெள்ளி

இது டைரி இல்லை. உட்கார்ந்து டைரி எழுதுகிற ஆளும் நானில்லை. இது வண்டிக் குறிப்பு, அவ்வளவுதான்.

முதலாளி தெய்வசிகாமணி இன்று மதியம் ஸ்டோர்ஸ் ரூமுக்கே வந்துவிட்டார். மார்க்கெட்டிங் ஆட்களுக்கு ஆறு கார் வாங்கப் போகிறாராம். பெட்ரோலா எலெக்ட்ரிக்கா என்று அவருக்கும் மகனுக்கும் வீட்டில் தினமும் சண்டை.

"விளம்பரத்துல ஃபுல் சார்ஜுக்கு முந்நூத்திப் பன்னெண்டு கிலோமீட்டருங்கறான். பக்கத்து மில்லுக்காரரு நூத்தியம்பதைத் தாண்டலீங்கறாரு. எவன் சொல்றதுங்க நெசம்? நீங்க ஒரு மாசம் ஓட்டிப் பாத்துச் சொல்லுங்க மைலேஜ்" என்றார்.

கம்பெனியில் எல்லாருக்கும் நான் மைலேஜ்தான். குழந்தைவேல் என்ற பேர் சம்பள ரிஜிஸ்தரோடு சரி. இருபத்தாறு வருடமாக நான் போட்ட ஒவ்வொரு லிட்டருக்கும் என்னிடம் குறிப்பு உண்டு. ஊரே சிரிக்கும். சிரிக்கட்டும். அவசரத்துக்கு யாரிடம் வருகிறார்கள் பார்த்தீர்களா?

ஏற்பாடு இது: வாடகைக்கு எடுத்த எலெக்ட்ரிக் வண்டி ஒன்று நாளை வீட்டுக்கு வரும். அதற்கு ஜோடியாக என் சொந்தப் பெட்ரோல் வண்டி. செலவு கம்பெனியுடையது. சனி ஞாயிறுகளில் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

"எந்த ரோட்டுலீங்க ஓட்டறது?" என்றேன்.

"அது உங்க இஷ்டமுங்க. ஆனா ரெண்டு வண்டிக்கும் ஒரே ரோடா இருக்கோணும்."

கோத்தகிரி ரோடு என்று சொல்லிவிட்டேன். பெருந்துறையில் கிளம்பி அவிநாசி, அன்னூர், மேட்டுப்பாளையம் வரை எழுபத்தொன்பது கிலோமீட்டர் சமவெளி. அதற்குமேல் கோத்தகிரி தாண்டி ஆறாவது கிலோமீட்டர் வரை மலை, முப்பத்தொன்பது. மொத்தம் நூற்றுப் பதினெட்டு. சமவெளியும் மலையும் ஒரே ரோட்டில் கிடைக்கிறது. சோதனைக்கு இதைவிடத் தோதான ரோடு இந்தப் பக்கம் கிடையாது. ஆறாவது கிலோமீட்டரில் என் மாமனார் வீடு இருப்பது தற்செயல்.

முதலாளி என்னை ஒரு பார்வை பார்த்தார். போய்விட்டார்.

பிப்ரவரி 3, சனி

எலெக்ட்ரிக் வண்டி வந்தது. வெள்ளை. சாவியைத் திருகினால் சத்தமே இல்லை. ஓடுகிறதா இல்லையா என்று தெரியாமல் ரெண்டு தடவை அணைத்து அணைத்துப் போட்டேன். கொண்டுவந்தவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றான்.

போர்ட்டிகோவில் பதினைந்து ஆம்பியர் பிளக் இருக்கிறது. கிரைண்டருக்காக என் வீட்டுக்காரி கலாமணி போடச் சொன்னது. அதில் சொருகினேன்.

சோதனை என்றால் எடையும் ஒன்றாக இருக்க வேண்டும். காரில் யாரும் தனியாகவா போகிறார்கள்? பக்கத்து சீட்டில் சராசரியாக ஒரு ஆள் எடை வைப்பதுதான் நியாயம். இருபத்தைந்து கிலோ அரிசிப் பை இரண்டு, கம்பெனியில் நெய்கிற துண்டுக் கட்டு எட்டு கிலோ. ஐம்பத்தெட்டு. வண்டி விடாமல் பீப் பீப் என்று கத்தியது. ஆள் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்கிறது. அரிசிப் பைக்கு சீட் பெல்ட் போட்டுவிட்டேன். நின்றது.

பிப்ரவரி 4, ஞாயிறு

எலெக்ட்ரிக், முதல் ஓட்டம். காலை 7.00 கிளம்பி மேட்டுப்பாளையம் 8.50. வேகம் எழுபதைத் தாண்டவில்லை. ஏ.சி. 24-இல். போகும்போது 33 சதவீதம், வரும்போது 34. ஆக நூற்றைம்பத்தெட்டு கிலோமீட்டருக்கு 67 சதவீதம். இந்தக் கணக்குக்கு முழு சார்ஜில் சமவெளியில் இருநூற்று முப்பத்தைந்து வரும். விளம்பரக்காரனும் பொய், மில்லுக்காரரும் பொய்.

இன்னொன்று. பேட்டரிக்குள் போனது இருபது யூனிட். வீட்டு மீட்டரில் ஓடியது இருபத்திரண்டரை. மீதி சூடாகவே போய்விடுகிறது. இதை எவனும் சொல்வதில்லை. அதையும் சேர்த்தாலும் கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் பதினாலு பைசாதான். என் பெட்ரோல் வண்டிக்கு ஆறு ரூபாய்.

மலை ஏறவில்லை. அடிவாரத்தில் திருப்பிக்கொண்டேன். முதலில் சமவெளிக் கணக்கை முடித்துக்கொள்வதே முறை.

பிப்ரவரி 7, புதன்

தோசை மாவு புளித்துவிட்டது. கொட்டினேன். ஒரு ஆளுக்கு எவ்வளவு ஊறப்போட வேண்டும் என்று ஆறு மாதமாகியும் பிடிபடவில்லை.

பிப்ரவரி 10, சனி

பெட்ரோல் வண்டி. அதே ரோடு, அதே அரிசிப் பை.

பெட்ரோல் கணக்குக்கு ஒரே வழிதான் உண்டு. டேங்கை விளிம்புவரை நிரப்பு, ஓட்டு, மறுபடி விளிம்புவரை நிரப்பு. ரெண்டாவது தடவை எவ்வளவு பிடித்ததோ அதுதான் குடித்தது. ஆனால் பங்க்கில் மெஷின் நின்றதும் டேங்க் நிறைந்துவிட்டது என்று நினைப்பது தப்பு. உள்ளே காற்று நிற்கும். வண்டியை இரண்டு கையாலும் பிடித்து இப்படியும் அப்படியும் ஆட்டினால் காற்று வெளியே வரும். இன்னும் ஒன்று, ஒன்றே கால் லிட்டர் பிடிக்கும். நான் எப்போதும் ஆட்டுவேன். பங்க்கில் இருக்கிற பெண் பிள்ளைகள் என் வண்டியைப் பார்த்ததுமே, "ஆட்ற அண்ணன் வந்துட்டாரு" என்பார்கள்.

இன்று வண்டிமேல் கை வைத்தேன். ஆட்டவில்லை.

"என்னங்கண்ணா, ஒடம்பு செரியில்லீங்களா?" என்று அந்தப் பெண் கேட்டது.

கணக்கு: லிட்டருக்கு பதினேழு புள்ளி இரண்டு. ஆட்டாததால் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். மேட்டுப்பாளையத்தில் திருப்பிக்கொண்டேன்.

பிப்ரவரி 11, ஞாயிறு

ஓசூரிலிருந்து மைதிலி போன் செய்தாள். அங்கே ஒரு ஃபேக்டரியில் தரம் பார்க்கிற வேலை. என் மகள்தான், சந்தேகமே வேண்டாம். நான் அனுப்பிய குறிப்பைப் பார்த்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்துவிட்டாள்.

"அப்பா, ரேஞ்சு பாக்கறதுக்கு நேரம் எதுக்கு? கெளம்பற நேரம், அவிநாசி நேரம், அன்னூர் நேரம்னு நிமிஷம் நிமிஷமா எழுதி வெச்சிருக்கீங்க?"

"எல்லாம் ஒரு ஒழுங்குதான் கண்ணு."

"அம்மாகிட்டப் பேசுனீங்களா?"

"பேசறேன்."

"ரெண்டு தடவை மேட்டுப்பாளையம் வரைக்கும் போயிட்டுத் திரும்பியிருக்கீங்க. இன்னும் ஒண்ணேகால் மணி நேரம் ஓட்டுனா தாத்தா வீடு."

"சார்ஜ் பத்தாதுன்னு நெனச்சேன் கண்ணு."

"ரெண்டாவது தடவை போனது பெட்ரோல் வண்டிப்பா" என்றாள்.

பிப்ரவரி 14, புதன்

முதலாளி கேட்டார். மலைக் கணக்கு இல்லாமல் முடிவெடுக்க முடியாதென்றேன். "அப்ப ஏறுங்க" என்றார்.

பிப்ரவரி 17, சனி

எலெக்ட்ரிக். மலை ஏறினேன்.

முழு சார்ஜில் கிளம்பினேன். அடிவாரத்தில் 67. பிறகு அட, எண் மளமளவென்று இறங்குகிறது. ஒரு கொண்டை ஊசி வளைவுக்கு ஒரு சதவீதம் வீதம் போகிறது. கோத்தகிரி பஸ் ஸ்டாண்டுக்கு வரும்போது 31. ஆனால் இழுவை அபாரம். கியர் இல்லை, முக்கல் இல்லை, முனகல் இல்லை. என் பெட்ரோல் வண்டி இரண்டாவது கியரில் அழும்.

கலாமணி மலை ஏறும்போது ஏ.சி.யை அணைத்துக் கண்ணாடியை இறக்கச் சொல்வாள். நான் இறக்குவேன். ஏ.சி. இல்லாவிட்டால் லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர் கூட வரும் என்பதால் இறக்குவேன். அவள் காற்றுக்காகக் கேட்டாள். நாங்கள் ரெண்டு பேரும் ஒரே காரியத்தைச் செய்துகொண்டு இருபத்தைந்து வருடம் சந்தோஷமாகத்தான் இருந்தோம்.

இன்று கண்ணாடியை இறக்கினேன். சோதனை விதிப்படி இறக்கியிருக்கக் கூடாது.

மார்க்கெட் முக்கில் டீ குடித்துவிட்டு வண்டியில் உட்கார்ந்திருந்தேன். கலாமணி வந்தாள். நாற்பதடி தூரம் இருக்கும். கையில் துணிப்பை, முட்டைக்கோஸ் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கத்தரிப்பூ நிறத்தில் ஒரு ஸ்வெட்டர். அது நான் பார்க்காத ஸ்வெட்டர். அவளிடம் இருக்கிற துணி ஒவ்வொன்றும் எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கேரட்டைப் பொறுக்கி, முறித்துப் பார்த்தாள். கடைக்காரன் ஏதோ சொன்னான், சிரித்தாள். நான் சீட்டில் சரிந்து உட்கார்ந்துகொண்டேன். ஐம்பத்திரண்டு வயதில், கட்டின பெண்டாட்டியைப் பார்த்து ஒளிந்துகொள்கிற ஆள் ஊரில் என்னைத் தவிர எவனாவது இருப்பானா?

அவள் நடக்க ஆரம்பித்தாள். நானும் வண்டியை எடுத்தேன். அவள் முதுகுக்குப் பின்னால், பத்தடி விட்டு, நடை வேகத்தில் போனேன். இந்த வண்டிக்குச் சத்தம் கிடையாது. பெட்ரோல் வண்டியாக இருந்திருந்தால் திரும்பியிருப்பாள். தெரு முனையில் வரும்போதே அந்தச் சத்தத்தை வைத்துக் கதவைத் திறக்கிறவள். ஒரு தடவை ஹாரன் அடித்திருக்கலாம். கை போனது, அடிக்கவில்லை. பஸ் ஏறிப் போய்விட்டாள்.

இறங்கும்போது ஒரு அதிசயம். ஆக்ஸிலேட்டரை விட்டால் போதும், வண்டி தானே பிடித்து இறங்குகிறது, எண் ஏறுகிறது. 31-இல் கிளம்பி அடிவாரத்துக்கு வரும்போது 38. இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. யாரிடமாவது என்ன யாரிடமாவது, அவளிடம்தான். "மலை எறங்கினா சார்ஜ் ஏறுது பாரு கலா" என்று அரிசிப் பையிடம் சொன்னேன்.

வீட்டுக்கு வரும்போது 4.

பிப்ரவரி 20, செவ்வாய்

எழுதித் தொலைக்கிறேன்.

போன ஜூலை 14, வெள்ளிக்கிழமை. மூன்று நாற்பதுக்குக் கலாமணி கம்பெனிக்குப் போன் செய்தாள். "அம்மாவுக்கு மூச்சு வாங்குதாமா. அப்பா கூப்பிட்டாரு. போலாமுங்க."

அத்தைக்கு அந்த வருடம் முழுக்க மூச்சு வாங்கியது. அதற்குமுன் மூன்று தடவை இதேபோல் போன் வந்து, மூன்று தடவையும் அலறியடித்துக்கொண்டு போனால் அத்தை கட்டிலில் எழுந்து உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருப்பார். "வாங்க மாப்பிள்ளை, சாப்பிட்டீங்ளா?" என்பார். கடைசியாகப் போனது அதே வாரம் ஞாயிற்றுக்கிழமை.

நான் சொன்னது: "ஞாயித்துக்கிழமைதான போயிட்டு வந்தோம்? ஒரு தடவை போய் வந்தா ஆயிரத்தி ஐநூத்தி அறுவது ரூவா ஆகுது. காலையில பாக்கலாம்."

அவள் போனை வைத்துவிட்டாள். ஐந்தரைக்கு நான் வீட்டுக்கு வந்தபோது மாமனாரிடமிருந்து மறுபடி போன். ஐந்தே முக்காலுக்குக் கிளம்பினோம். வழியில் பங்க்கில் பன்னிரண்டு நிமிடம். எட்டு ஐம்பதுக்குப் போய்ச் சேர்ந்தோம். அத்தை எட்டு பத்துக்குப் போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து கிளம்பும்போது நான் ஒரு வார்த்தை சொன்னேன். ஆறுதலுக்குத்தான் சொன்னேன். "நாலு மணிக்கே கெளம்பியிருந்தாலும், வெள்ளிக்கிழமை பொழுதோட இருக்கற ட்ராஃபிக்குல எட்டரைக்கு முன்னால வந்திருக்க முடியாது கலா." அவள் என்னைப் பார்த்தாள். வண்டியில் ஏறவில்லை. "அப்பாவுக்குச் சோறாக்க ஆளில்லீங்க, நான் இங்கயே இருக்கறேன்" என்றாள்.

அவ்வளவுதான் நடந்தது. வெள்ளிக்கிழமை ட்ராஃபிக் எப்படியிருக்கும் என்று ஓட்டுகிறவனுக்குத்தான் தெரியும்.

பிப்ரவரி 24, சனி

நேற்று எழுதவில்லை.

நேற்று வெள்ளிக்கிழமை. அரை நாள் லீவு போட்டேன். நெரிசலில் பெட்ரோல் எவ்வளவு குடிக்கிறது என்று பார்க்க வேண்டுமென்று முதலாளியிடம் சொன்னேன். "எலெக்ட்ரிக்குல போகலீங்ளா?" என்றார். இல்லை, என் வண்டிதான் என்றேன்.

மாலை 4.00 கிளம்பினேன். பங்க்கில் நின்றேன். டேங்க் ஏற்கெனவே முக்கால் இருந்தது. இருந்தாலும் பன்னிரண்டு நிமிடம் நின்றேன். விஜயமங்கலம் டோலில் வரிசை. அவிநாசியில் கம்பெனி பஸ்கள். அன்னூர் முக்கில் ஒரு லாரி குறுக்கே நின்று எட்டு நிமிடம் போனது. வாடா வா, இன்னும் கொஞ்சம் நில்லு என்று மனசு சொன்னது. லாரி நகர்ந்துவிட்டது. மலையில் முன்னால் ஒரு பஸ். அதை முந்தாமலே பின்னால் போனேன். வேண்டுமென்றேதான் முந்தவில்லை. இவ்வளவும் சேர்த்து எட்டரை ஆகவேண்டும், எட்டேகாலாவது ஆகவேண்டும் என்று சாமியை வேண்டிக்கொண்டேன்.

மாமனார் வீட்டு வளைவில் நிறுத்திக் கடிகாரத்தைப் பார்த்தேன். 7.02.

இன்ஜினை அணைத்துவிட்டேன். கேட் சாத்தியிருந்தது. சமையலறையில் விளக்கு எரிந்தது, அவள் நிழல் போய்ப் போய் வந்தது. குக்கர் ஒரு விசில் அடித்தது. அறுபத்தெட்டு நிமிடம். அறுபத்தெட்டு நிமிடம் அத்தையின் பக்கத்தில் அவள் உட்கார்ந்திருக்கலாம். கையைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கலாம். நான் அழுதேன். எழுதுவதற்கு வெட்கமில்லை.

வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். லிட்டருக்கு எவ்வளவு என்று பார்க்கவில்லை.

பிப்ரவரி 28, புதன்

முதலாளியிடம் முடிவைச் சொன்னேன். ஊருக்குள்ளும் ஈரோடு, திருப்பூர், கோயமுத்தூர் வரையும் ஓடுகிற நாலு பேருக்கு எலெக்ட்ரிக். வீட்டில் சார்ஜ் போட்டால் கிலோமீட்டருக்கு ஒண்ணேகால் ரூபாய்க்குள். ரோட்டோரச் சார்ஜரில் போட்டால் மூன்று. விளம்பரம் சொல்கிற தூரத்தில் முக்கால் பங்கை நம்பலாம், மலை என்றால் மூன்றில் இரண்டு பங்கு. சென்னை, ஓசூர் போகிற ரெண்டு பேருக்குப் பெட்ரோல். நினைத்த நேரத்தில் போகலாம், நினைத்த இடத்தில் திரும்பலாம்.

"அருமைங்க" என்றார். பிறகு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "அந்த வெள்ளை வண்டி இந்த ஞாயித்துக்கிழமை வரைக்கும் நம்மகிட்டத்தான் இருக்குது. எனக்கு ஒண்ணும் அவசரமில்லீங்க" என்றார்.

மார்ச் 1, வெள்ளி

வண்டியைச் சார்ஜில் போட மறந்துவிட்டேன். 78 இருக்கிறது. மறந்துவிட்டேன் என்றே எழுதுகிறேன், இருந்துவிட்டுப் போகட்டும்.

மார்ச் 3, ஞாயிறு

நேற்று மதியம் ஒரு மணிக்குக் கிளம்பினேன். அவிநாசியில் ஓட்டல் வாசலில் சார்ஜர் காலியாக இருந்தது. நிறுத்தவில்லை. மேட்டுப்பாளையத்திலும் ஒன்று உண்டு, அதையும் பார்க்காத மாதிரி தாண்டினேன். அதற்குமேல் ஏறிவிட்டால் திரும்பி வர முடியாது, எனக்குத் தெரியும். கோத்தகிரியில் 11 காட்டியது. மாமனார் வீட்டு வாசலில் 6. இனி ஊரத்தான் முடியும் என்று வண்டி ஆமை படம் போட்டுக் காட்டியது.

மாமனார் உரக்கடையைச் சாத்திவிட்டு வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் கேட்டைத் திறக்கிற வரைக்கும் நிமிரவில்லை.

"அட, வாங்க மாப்பிள்ளை. வண்டிச் சத்தமே கேக்கலீங்ளே?" என்றார். "கலா, யாரு வந்திருக்கறாங்கன்னு பாரு."

அவள் ஈரக் கையோடு வந்தாள். அந்தக் கத்தரிப்பூ ஸ்வெட்டர். "வாங்க" என்றாள்.

"சார்ஜ் தீந்துபோச்சு" என்றேன். ஏழு மாதம் கழித்துப் பெண்டாட்டியிடம் நான் பேசிய முதல் வார்த்தை இது. மடையன்.

"குடோன்ல மோட்டார் பாயிண்ட் இருக்குது. அதுல போடலாமா?" என்றாள். "எவ்வளவு நேரமாகும்?"

"காலையில ஆயிரும்."

அவள் என்னைப் பார்த்துவிட்டு வண்டியைப் பார்த்தாள். முன்சீட்டுக் கதவைத் திறந்தாள்.

"இதென்னங்க, அரிசிக்கு பெல்ட்டு போட்டிருக்கறீங்க?"

"ஆள் எடைக்கு வெச்சது. சோதனைக்காக. அம்பத்தெட்டு கிலோ."

பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தாள். "நான் இப்ப அம்பத்தி மூணுதானுங்க" என்றாள்.

ஆறு மணிக்கு டீ கொடுத்தாள். மாமனார் பால் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு வெளியே போனார். வீட்டில் பால் இருந்தது. நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"கலா, நான் சொன்னது தப்பு. போன வெள்ளிக்கிழமை நாலு மணிக்குக் கெளம்பி ஓட்டிப் பாத்தேன். பங்க்குல நின்னும், லாரிக்கு நின்னும், ஏழு ரெண்டுக்கு இந்த வளைவுக்கு வந்துட்டேன். அன்னிக்கு நீ கூப்பிட்டப்பவே நான் வந்திருந்தா அத்தையைப் பாத்திருக்கலாம். ஒரு மணி நேரத்துக்கு மேல பேசியிருக்கலாம். நான்தான் கெடுத்தேன்."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"ஏழு மணின்னு நீங்க ஓட்டிப் பாத்துத்தான் கண்டுபுடிச்சீங்களா?" என்றாள். "எங்கம்மா கட்டில்ல படுத்துட்டே சொன்னாங்க."

எனக்குப் புரியவில்லை.

"அன்னிக்கு நாலே முக்காலுக்கு அம்மாவுக்குப் போன் பண்ணுனேன். நான் நம்ம வீட்டு வாசப்படியில பையை வெச்சுட்டு உக்காந்திருக்கறேன். நீங்க மனசு மாறி வந்துருவீங்கன்னு. அம்மா, 'எங்க அம்மிணி வர்றீங்க?'ன்னாங்க. நீங்க வர மாட்டேன்னுட்டீங்கன்னு எப்படிங்க சொல்றது? அவிநாசி தாண்டிட்டோம்மான்னு சொல்லிட்டேன்." அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. "அதுக்கு அம்மா, 'மலை மேல மேகமா இருக்குது, மாப்பிள்ளைய மெதுவா ஓட்டச் சொல்லு'ன்னாங்க. அதுதான் எங்கிட்டப் பேசுன கடேசி."

நான் கையை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை. நான் கையை எடுக்கவுமில்லை.

"ஏழு மணிக்கு அப்பாவைக் கூப்புட்டு, 'கேட்டைத் தொறந்து வெய்யுங்க, இன்னேரம் வந்திருக்கோணும்'னாங்களாமா. அப்பறம் அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா வாசலைப் பாத்துட்டே இருந்தாங்களாமா. அவிநாசி தாண்டுன வண்டி ஏன் இன்னும் வரலைன்னு."

வெளியே யாரோ ஆட்டை ஓட்டிக்கொண்டு போனார்கள்.

"உங்க மேல கோவந்தான். இல்லேங்கலீங்க. டேங்க்கை ஆட்டிட்டு நின்னீங்க பாருங்க, நான் உள்ள உக்காந்திருக்கறேன், என்னையும் சேத்து ஆட்டறீங்க. அதை இந்த சென்மத்துல மறக்க மாட்டேன்" என்றாள். "ஆனா ஒரு பஸ் ஏறியிருந்தா நானே எட்டு மணிக்குள்ள வந்திருப்பேனுங்க. வாசப்படியில உக்காந்திருந்தது நான்தான. பொய் சொன்னதும் நான்தான. அதை வெச்சுட்டு உங்ககூட அந்த வீட்டுல எப்படிங்க இருக்கறது? அந்தப் படியத் தாண்டித்தான உள்ள போகோணும்?"

இருபத்தாறு வருடக் குறிப்பில் எந்தப் பக்கத்திலும் இதற்குப் பதில் இல்லை. "உன்னைப் பொய் சொல்ல வெச்சவன் நான்தான் கலா" என்று மட்டும் சொன்னேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முட்டைக்கோஸ் பொரியல். நான் கேட்காமலே ரெண்டாவது தடவை வைத்தாள். மாமனார் அறையில் படுத்துத் தூங்கினேன்.

காலையில் வண்டி 100 காட்டியது. அரிசிப் பைகளை அங்கேயே இறக்கச் சொல்லிவிட்டாள், அரிசி தீர்ந்துவிட்டதாம். கேட் வரைக்கும் வந்தாள்.

"நீயும் வர்றியா?" என்றேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"இப்ப இல்லீங்க."

"எப்ப?"

"தெரியலீங்க."

சரி என்று உட்கார்ந்தேன். பெல்ட் போட்டேன். பக்கத்து சீட் காலியாக இருந்தது, வண்டி கத்தவில்லை. மனசு கேட்காமல் மறுபடியும் கண்ணாடியை இறக்கினேன்.

"வர்ற சனிக்கிழமை நான் வரட்டுமா? இந்த வண்டியை இன்னிக்குத் திருப்பிக் கொடுத்துருவாங்க. பெட்ரோல்லதான் வரோணும்."

"எதுல வேணாலும் வாங்க" என்றாள். கேட்டைப் பிடித்துக்கொண்டாள். "கெளம்பறப்பப் போன் பண்ணுங்க. நெசமாலுமே கெளம்புனதுக்கப்பறம் பண்ணுங்க."